ரொட்டிக்குக் கீழே சோறு

அழகரத்தினத்தின் பிணம் வாவிக்கரையில் மிதந்தது!

மண்டையில் ஒரே வெட்டு. செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல் ஒரு மணி. அலறல் கேட்டவர்கள் பலர்... வெட்டியவனைக் கண்டவர் யாருமில்லை.

அன்று பின்னேரமே பேர்னாட்டைப் பிடித்துவிட்டார்கள். தோணி செய்கிற ஓடாவி. முதல்நாள்தான் சந்தையில் வைத்து அழகரத்தினத்தின் சட்டையைப் பிடித்தவன். பொலிசுக்கு வேறென்ன வேண்டும்?

"ஒரு மணிக்கு நான் கான் பாய் கடையில பிரியாணி தின்னுகொண்டிருந்தன்!" என்று கத்தினான் பேர்னாட்.

வில்லங்கமே அந்தப் பிரியாணிதான்!

அரிசிப் பஞ்ச காலம். செவ்வாயும் வெள்ளியும் கடையில் சோறு விற்கக்கூடாது என்று சட்டம். விற்றால் கடைக்குப் பூட்டு, விற்றவனுக்குக் கம்பி.

கடைக்காரன் மீர்சமான் கான் வடமேற்கு எல்லையிலிருந்து வந்த பட்டாணியன். புளியந்தீவுக்கு வந்து முப்பது வருடம். மண் அடுப்பின் உட்சுவரில் ரொட்டி அறைந்து, ஆட்டிறைச்சியோடு விற்பவன். செவ்வாய்க்கிழமைகளில் பின்னறையில் வேறு வியாபாரம். பீங்கானில் பிரியாணியை வைத்து, அதன்மேல் ரொட்டியைப் போர்த்திவிடுவான். எட்டிப் பார்ப்பவனுக்கு ரொட்டிதான் தெரியும்.

புதன்கிழமை காலை, சார்ஜன் நல்லரத்தினம் கடைக்குள் நுழைந்தான்.

"கான் பாய், நேத்து பேர்னாட் இஞ்ச பிரியாணி தின்டவனாம். ஓமா?"

கான் அவன் முகத்தையே பார்த்தான். அந்த முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. கான் சொந்த நிழலையே நம்பாதவன். காக்கிச் சட்டையையா நம்புவான்?

"பிரியாணியா? செவ்வாய்க்கிழமையிலயா? இஞ்ச ரொட்டி மட்டும்தான்."

"அப்பிடியே சொல்லுங்க!" சார்ஜன் சிரித்துக்கொண்டே போனான்.

வியாழன் காலை பேர்னாட்டின் மனைவி மேர்சி வந்தாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"அவர் பீங்கானை வழிச்சுத் தின்டத நீங்க கண்டதுதானே, பாய்?"

"கண்டன்தான், தங்கச்சி... சொன்னா என்ர கடை போயிரும்."

"கடையைப் பூட்டினா மறுகா திறக்கலாம். கழுத்தை முறிச்சா?"



கான் ஒரு வாளி தண்ணீரை அடுப்புக்குள் ஊற்றினான். முப்பது வருடத்தில் முதல் தடவை!

பொலிஸ் நிலையத்துக்கு மேர்சியும் கூடவே வந்தாள். இன்ஸ்பெக்டரே வாக்குமூலம் எழுதினார்.

"அப்ப சோறு வித்தத ஒத்துக்கொள்றீங்க?"

"ஓம். பேர்னாட் ஒரு மணிக்கு என்ர கடையிலதான்."

"வேற சாட்சி?"

கான் விரலை நீட்டினான்.

"பக்கத்து மேசையில இருந்து நல்லி எலும்பு கேட்டுத் தின்டவர்... போகக்குள்ள ஒரு பார்சலும் கட்டினவர்... இந்தா நிக்கிறார், சார்ஜன் ஐயா!"

நல்லரத்தினம் துள்ளினான்.

"பச்சைப் பொய், சேர்! நான் அந்தப் பக்கமே போகல்ல! ஒரு மணிக்கு வாவிக்கரையில ரோந்து எண்டு புத்தகத்தில எழுதியிருக்கன்!"



"வாவிக்கரையிலயா?" மேர்சி மெல்லக் கேட்டாள். "கொலை நடந்த இடத்திலயா?"

கான் ஒரு அடி முன்னால் வந்தான்.

"சொல்லுங்க, சார்ஜன் ஐயா... சோத்தை ஒத்துக்கொள்றீங்களா? கொலையையா?"

சார்ஜனுக்குத் தொப்பி வரை வேர்த்தது. சோறு தின்றதைச் சொன்னால் உத்தியோகம் போகும்... சொல்லாவிட்டால் கழுத்து! மேர்சியின் கண்ணில் இரண்டு நாளுக்குப் பிறகு உயிர் வந்தது.

நல்லரத்தினம் இன்ஸ்பெக்டரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"சேர்... நீங்களே சொல்லுங்க, சேர்..."

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை எடுத்தார். ஆற அமர மடித்தார்.

கிழித்தார். நாலு துண்டு!

"இப்பிடி ஒரு கடதாசியே இல்ல. பேர்னாட்டை நாளைக்குக் கோர்ட்டில ஏத்து."

மேர்சி சுவரோடு சரிந்து விழுந்தாள். யாரும் தூக்கவில்லை.

கான் வாசலைத் தாண்டும்போது இன்ஸ்பெக்டரின் குரல் பின்னால் வந்தது.

"பாய்! நாளைக்கு வெள்ளிதானே... என்ர பார்சலுக்கு உப்பைக் குறைங்க. செவ்வாய்ப் பிரியாணி ஒரே கரிப்பு!"