பதினெட்டுக் குடுமிகள்

ரரோதோங்கா தீவிலிருந்து ஆக்லாந்து வந்த மூன்றே நாளில், வைனே எட்டிப் பார்க்காத சலூன் இல்லை. பத்து வயது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள்.

கொரியர் கடையில் ஆட்களைப் படுக்கவைத்துத் தலை அலசினார்கள். ஒருவர் விட்ட குறட்டையில் கடைக்கதவே ஆடியது. இந்தியர் கடையில் முடி வெட்டியதும் தலையில் மேளம் கொட்டினார்கள். சமோவாக்காரர் கடையில் ஒருவருக்கு முடி வெட்ட, முப்பது பேர் யோசனை சொன்னார்கள்.

வைனேவுக்குக் கத்தரிக்கோல் பைத்தியம் பிடித்துவிட்டது.

அவர்கள் வந்ததே தம்பி தேய்னாவின் முடிவெட்டு விழாவுக்குத்தான். ஆறு வயதுவரை கத்தரி படாத முடி. அவன் உட்கார்ந்தால் அதுவும் கூடவே உட்காரும். சனிக்கிழமை காலையில் அம்மா அதைப் பதினெட்டுக் குடுமிகளாகப் பிரித்து, ஆளுக்கொரு நிறத்தில் ரிப்பன் கட்டினாள். தீவு வழக்கப்படி, சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று வெட்டுவார்கள். வெட்டியவருக்கே அது சொந்தம்.

அம்மா சமையலறைக்குப் போனதும் வைனே கத்தரியை எடுத்தாள்.

"வாங்க சார், என்ன ஸ்டைல் வேணும்?"

"மேளம் கொட்டுவியா?"

"கொட்டுவேன். முதல்ல நுனியை மட்டும் லேசா…"

தேய்னா திரும்பினான். கறுக். மஞ்சள் ரிப்பன் குடுமி முழுசாக அவள் மடியில் விழுந்தது.

"வலிக்கவே இல்லக்கா," என்றான் தேய்னா.

வைனே கத்தரியைக் கீழே வைத்தாள். மஞ்சள், நதாமா மாமாவுடையது. விமானம் என்றாலே நடுங்குகிறவர், இதற்காக வேறொரு தீவிலிருந்து வந்திருந்தார்.

"பசை போட்டு ஒட்டிடலாமா?"

"நீ தும்மினா விழுந்துடும்டா."

மாமா வாசலில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க குடுமியை நான் வெட்டிட்டேன்."

அவர் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இதுக்காகத்தான் கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு பிளேன் ஏறினேன்," என்றார் மெதுவாக.

"ஊதா ரிப்பன் என்னோடது. அதை நீங்க வெட்டுங்க மாமா."

ஒரு வருடமாக அவள் காத்திருந்த குடுமி அது.

"அப்ப உனக்கு?"

"நான் வேடிக்கை பாக்கறேன்."

வெட்டிய குடுமியை நீட்டினாள். மாமா வாங்கவில்லை.

"வெட்டினவ நீ. உன்கிட்டதான் இருக்கணும்."

அவளே போய் ஊதா ரிப்பனை அவிழ்த்து, மஞ்சளைக் கட்டினாள். அம்மாவிடமும் சொன்னாள். அம்மா திட்டியது ரரோதோங்காவரை கேட்டிருக்கும்.

மண்டபத்தில் மேளம் முழங்க, ஒவ்வொருவராக வெட்டினார்கள். மாமா மஞ்சள் ரிப்பன் குடுமியை வெட்டினார். வெட்டிய முடியை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். எல்லோரும் கைதட்ட, வைனே தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் முடிந்ததும் தேய்னா ஒட்ட வெட்டிய தலையோடு ஓடிவந்தான்.

"எல்லாரும் வெட்டினாங்க. நீ மட்டும் ஏன்க்கா வரல?"

"நான்தான்டா எல்லாருக்கும் முன்னாடியே வெட்டிட்டேன்."