பின்பக்கம், இடது

மேத்யூ வைத்திருந்தது ஆறு ஸ்பீக்கர் பெட்டிகள். திரையில் ஏழு காட்டியது.

முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, முதுகுக்குப் பின்னால் இரண்டு, மேசைக்கடியில் பேஸ் பெட்டி. நாற்காலிக்குப் பக்கத்தில், தலை உயரத்தில் ஒரு சின்ன மைக்கை நிறுத்திவிட்டால், ஒவ்வொரு பெட்டியும் முறைவைத்து ‘டிக்’ என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் மைக்கை எட்டும் நேரத்தை வைத்து, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும். சோதனையை ஓட்டியதில் ஆறும் சரியாக இருந்தன. அதற்குக் கீழே இன்னொரு வரி. பின்பக்கம், இடது, 210 சென்டிமீட்டர்.

“இந்த சாஃப்ட்வேரை எழுதினவனும் முட்டாள்தான்” என்றான் மேத்யூ.

இரண்டு வாரமாக அவன் முட்டாள்களோடுதான் அல்லாடிக்கொண்டிருந்தான். தி. நகர் கடைக்காரன் ராம்குமார் முதலில் ஒரு சவுண்ட் பாரைக் காட்டி, “சும்மா அதிரும் சார்” என்றான். அதிர்வதற்கு வீட்டில் மிக்ஸி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவன் முகம் சுருங்குவதை மேத்யூ நின்று ரசித்தான். அடுத்த செட்டில் பேஸ் எல்லாவற்றின் மேலும் ஏறி உட்கார்ந்தது. அதற்கடுத்ததில் குரல்கள் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தன. கடையில் இருந்த மற்றவர்கள் அவற்றைத்தான் சிரித்துக்கொண்டே தூக்கிப் போனார்கள். கம்மல் மாட்ட மட்டும் காது வைத்திருக்கும் கூட்டம். லிண்டா அதற்கும் கீழே. போனை டம்ளருக்குள் போட்டுப் பாட்டுக் கேட்கிற பெண்டாட்டி. சனிக்கிழமை சாயங்காலமானால் பங்குக் கோயிலில் கொயர் பயிற்சி என்று கிளம்பிவிடுவாள். சுருதி தெரியாத இருபது பேர் சேர்ந்து கத்தினால் கடவுள் இறங்கி வருவார் என்று அவளுக்கு நம்பிக்கை.

மறுபடி ஓட்டினான்.

ஜன்னலைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஃபேனையும் நிறுத்தியிருந்ததால் அறைக்குள் கடற்காற்றின் உப்புப் பிசுபிசுப்பு அப்படியே தேங்கி நின்றது. சாந்தோம் சாலையில் போகும் பஸ்ஸின் உறுமலும் மேல்வீட்டில் ஏதோ பாத்திரம் உருளும் ஓசையும் பஞ்சில் பொதிந்தவை போல எங்கோ தள்ளிக் கேட்டன. டிக். டிக். ஆறு முறை. பிறகு முதுகுக்குப் பின்னால் ஏழாவது. அது இயந்திரத்தின் சத்தமாக இல்லை. அதில் ஈரம் இருந்தது. யாரோ நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து உச்சுக்கொட்டியதைப் போல.

160 சென்டிமீட்டர்.

ராம்குமாரைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான்.

“ரூம்ல வேற யாராச்சும் இருக்காங்களா சார்? பக்கத்துல சத்தம் வந்தா அதையும் ஒரு பாக்ஸ்னு எடுத்துக்கும்.”

“நான் மட்டும்தான் இருக்கேன். நீ குடுத்த செட்டுதான் சரியில்ல.”

“நீங்க உக்காந்துட்டா ஓட்டுறீங்க? மைக்க அப்படியே விட்டுட்டு வெளிய நின்னு ஒரு தடவ பாருங்களேன்.”

வயர்லெஸ் கீபோர்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய் அங்கிருந்து ஓட்டினான். ஆறு. உள்ளே வந்து, உட்கார்ந்து, மறுபடி ஓட்டினான். ஏழு. 110 சென்டிமீட்டர்.

போனில் ராம்குமாரின் குரல் தணிந்தது.

“சார், பின்னாடி யாரோ உச்சுக்கொட்டினாங்களே.”

“உனக்கும் காது போச்சா?”

“சார், நீங்க ஒண்ணு பண்ணுங்க. அந்த ரூம விட்டு வெளிய வந்துடுங்க.”

“கடையப் போய்ப் பாரு” என்று மேத்யூ போனை வைத்தான்.

திரும்பிப் பார்த்திருக்கலாம். ஆனால் திரும்பிப் பார்ப்பது லிண்டா செய்கிற காரியம். கரண்ட் போனால் சிலுவை போட்டுக்கொள்கிறவர்கள் செய்கிற காரியம். அவன் குனிந்து மேசைக்கடியில் கைவிட்டு, ஸ்பீக்கர்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பிளக்கைப் பிடுங்கினான். ஆறு பெட்டிகளின் சின்ன விளக்குகளும் அணைந்தன. நிமிர்ந்து, ஓட்டினான்.

ஆறும் வாய் திறக்கவில்லை.

ஏழாவது மட்டும்.

65.

மழையில் நனைந்து, காயாமலே மடித்துவைத்த துணியின் வாடை அடித்தது. எழுந்துவிட நினைத்தான். கால் கேட்கவில்லை. கீபோர்டைத் தொடவும் இல்லை. எண் தானாக மாறியது.

40.

வாசலில் சாவி திரும்பியது. செருப்பைக் கழற்றும் சத்தம். மேசைக்குப் பக்கத்திலிருந்த கதவைத் திறந்து லிண்டா எட்டிப் பார்த்தாள். கையில் பாட்டுப் புத்தகம்.

“இங்க கொஞ்சம் நில்லு” என்றான். குரல் அவனுடையது மாதிரி இல்லை. “ஏதாவது கேக்குதா?”

அவள் காது கொடுத்தாள்.

“உங்களுக்கு இப்பதான் கேக்குதா?”

“எதுடி?”

“இந்த வீட்டுக்கு வந்த வருஷமே சொன்னேனே. உன் காதுக்கு எல்லாமே சத்தம்தான்னீங்க. கொயர்ல இருக்கறவங்க எல்லாரையும் சேத்துத் திட்டினீங்க. அதோட நான் சொல்றத விட்டுட்டேன்.”

“எப்பெப்ப கேக்கும்?”

“நீங்க அந்தச் சேர்ல உக்கார்ற நேரத்துல மட்டும்.”

அவள் குரலில் பயம் இல்லை, பரிவும் இல்லை. கடைக்காரர்களிடம் அவன் பேசுகிற அதே தொனி. இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள்.

இத்தனை வருஷமாக அவள் கேட்டிருக்கிறாள். பார்த்ததில்லை. அது அந்த முகத்திலேயே தெரிந்தது.

அவள் கண்கள் அவனை விட்டு மேலே போயின. அவன் தலைக்கு ஒரு முழம் மேலே நின்றன. பிறகு, எதனோடோ சேர்ந்து, மெல்ல இறங்கின. நெற்றி உயரம். கண் உயரம். அவனுடைய இடது காது வரைக்கும் வந்து நின்றன.

“லிண்டா.”

அவள் ஓரடி பின்வாங்கினாள். கதவை அவன் முகத்தைப் பார்க்காமலே சாத்தினாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

காதோரத்தில் ஈரக்காற்று.

அவன் கழுத்தைத் திருப்பவில்லை. திருப்பவே இல்லை. நாற்காலியின் முதுகை இருபுறமும் எதுவோ பற்றியது. சக்கரங்கள் அசையவில்லை. இருக்கை மட்டும், அவனையும் சுமந்துகொண்டு, மெல்ல இடப்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது.