முன்சக்கரத்துக் காற்று

'டப்' என்று பெடல் மறுபடியும் தரையில் போய் மோதியது.

கறுப்பு மோரிஸ் மைனர் காரின் இடது முன்சக்கரத்தடியில் படுத்திருந்த ஆஞ்சப்பன் சலித்துக்கொண்டான். பாகலூர் சாலையோரம் அவன் போட்டிருந்த தகரக் கொட்டகை, மழை மேகத்தில் பகலிலேயே இருண்டு கிடந்தது.

பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை அமுக்க, மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிள் என்ற சிறு திருகைத் திறக்க வேண்டும். காற்றும் ஆயிலும் அதில் மாட்டிய ரப்பர் குழாய் வழியே பாட்டிலுக்குள் குமிழியிடும். குமிழி நின்றுவிட்டால் பெடல் கல் மாதிரி நிற்கும். அமுக்குவதற்கு மனைவி நாராயணம்மாவை உட்கார வைத்திருந்தான்.

"இதுக்குத் தையல் மிஷினே தேவல. இவ்ளோ மிதிச்சிருந்தா ஒரு ரவிக்கையாவது முடிஞ்சிருக்கும்," என்றாள் அவள்.

வண்டியின் சொந்தக்காரர் சௌந்தரராஜன் வாசலில் நிலைகொள்ளாமல் நின்றார். தொழிற்சாலை அதிகாரி. மகளையும் கைக்குழந்தையையும் அன்று மாலையே கிருஷ்ணகிரியில் மருமகன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும் என்று அவசரப்படுத்தினார். இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று ஆஞ்சப்பன் கேட்ட பிறகுதான் வாயை மூடினார்.

குருபரப்பள்ளி அருகே புளியமரத்தில் மோதிவிட்டதாகச் சொல்லித்தான் வண்டியை விட்டிருந்தார். நசுங்கிய மட்கார்டைத் தட்டி நிமிர்த்தி, கிங்பின் மாற்றி, புது பிரேக் பைப் போட்டது ஆஞ்சப்பன்தான். மரத்தில் மோதிய வண்டியில் பட்டைத் துணுக்கு ஒட்டியிருக்கும். இதில் இல்லை. அவன் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

நிப்பிளைத் திறந்தான். குமிழிகள் வந்தன. மூடினான்.

"வுடு."

குமிழிகள் நிற்கவில்லை.

ஸ்பானரை வைத்து முறுக்கிப் பார்த்தான். நிப்பிள் இறுகித்தான் இருந்தது. ஆனாலும் பாட்டிலில் இருந்த ஆயில் குழாய்க்குள் மெல்ல மேலேறியது. சற்று நின்றது. பிறகு இறங்கி, குமிழியாக உடைந்தது.

உடைந்த குமிழியிலிருந்து வெற்றிலை வாசனை வந்தது.

தூரத்தில் ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்தது. அதன் பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

சளி கட்டிய நெஞ்சு இழுக்கிற சத்தம்.

பெடலிலிருந்து காலை எடுக்கச் சொல்லி அவன் கத்தினான். எடுத்து எவ்வளவோ நேரமாகிறது என்ற பதில் தலைக்கு மேலிருந்து வந்தது. நாராயணம்மா எப்போதோ இறங்கி அவன் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். குனிந்து பாட்டிலைப் பார்த்தாள். தகப்பனின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே விழித்துக் கிடந்தவள் அவள்.

"ஏங்க," என்றாள் கிசுகிசுப்பாக. "இது காத்து இல்லீங்க."

இன்னும் ஏன் தாமதம், மிச்சக் காற்றையும் எடுத்துவிடு என்று வாசலிலிருந்து சௌந்தரராஜன் அதட்டினார்.

முழுவதையும் எடுத்தால் பெடல் நிற்கும். குழந்தை பத்திரமாக ஊர் போய்ச் சேரும். முழுவதையும் எடுத்துவிட்டால், உள்ளே மூச்சிழுத்துக்கொண்டிருப்பது என்ன ஆகும்?

ஆஞ்சப்பனுக்கு ஸ்பானரைத் தொடக் கை வரவில்லை. குழாயை மட்டும் நிப்பிளிலிருந்து பிடுங்கிப் போட்டான்.

இப்போது குழாயின் ஒரு முனை பாட்டிலுக்குள். மறுமுனை வெறும் தரையில்.

ஆயில் மேலேறியது. இறங்கியது.

குமிழி உடைந்தது.

எழுந்து நின்று, உண்மையில் எதன்மேல் வண்டியை விட்டீர்கள் என்று ஆஞ்சப்பன் கேட்டான். வெற்றிலை வாசனை சௌந்தரராஜனையும் எட்டியிருந்தது. தள்ளாடி வந்து பாட்டிலின் முன்னால் மண்டியிட்டார். அடுத்த குமிழிக்காக அவரும் காத்திருந்தார். அது வந்தது.

"நான் அங்கேருந்து கிளம்புறப்போ," என்றார், பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல், "வெத்தலை மென்னுக்கிட்டே ரோட்டைக் கடந்த அந்தப் பெரியவருக்கு இப்படித்தான் மூச்சு ஓடிக்கிட்டிருந்துச்சு."