தங்கையா கண்ட முதுகு

ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் அந்த ஒழுங்கைக்குள் ஓட்டோ வராது என்று சாரதி சொல்லிவிட்டான். வாய்க்கால் நிரம்பி ரோட்டில் ஓடியது. நானும் ரிஸ்லாவும் ஆளுக்கொரு குடையோடு இறங்கி நடந்தோம். பகல் மூன்றரை மணிதான். ஆனால் கொட்டாஞ்சேனை முழுவதும் வீடுகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். ஒக்டோபர் மழை அப்படி இருட்டிக்கொண்டு நின்றது.

நான் சட்டத்தரணி. ரிஸ்லா என் கட்சிக்காரி. வயது முப்பத்தேழு. அவள் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே அவளுடைய வாப்பா ஜவாத்தைக் கொலைக் குற்றத்துக்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். தூக்குத் தண்டனை பிறகு ஆயுள் தண்டனையாக மாறியது. முப்பத்தெட்டு வருடமாக வெலிக்கடைச் சிறையில் இருக்கிறார். இப்போது இரண்டு சிறுநீரகமும் பழுது. வியாழக்கிழமை அவருடைய கருணை மனு குழுவின் முன்னால் வருகிறது. அது தவறினால் அவர் உயிரோடு வெளியே வரப்போவதில்லை. இது எனக்கும் தெரியும், ரிஸ்லாவுக்கும் தெரியும்.

வழக்கு இவ்வளவுதான். ஒழுங்கையின் கடைசியில் ஒரு மாடிவீடு. மேல்மாடி முன்னறையில் சிவமணி என்ற பெண் தையல் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மழைநாளில், பின்னேரம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு, தையல் மிசினுக்குப் பக்கத்தில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தாள். ஜவாத் புறக்கோட்டையில் இருந்து அவளுக்குத் துணி கொண்டுவந்து கொடுக்கும் விற்பனையாள். கைரேகை இல்லை, களவுபோன பொருள் இல்லை. ஒரே ஒரு கண்கண்ட சாட்சி. பின்னறையில் குடியிருந்த தங்கையா.

கொலையாளி படியிறங்கி ஓடும்போது அவன் முகத்தை நேருக்கு நேர் கண்டேன் என்று தங்கையா சத்தியம் பண்ணினார்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு மனிதனின் முப்பத்தெட்டு வருடம் போனது.

இரண்டு தடவை நான் தேடிப்போனபோதும் தங்கையா கதவை முகத்தில் அடித்துச் சாத்தினார். மூன்றாவது தடவை அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். "எழுதித் தாறன். நாலு மணிக்கு முன்னம் வாரும்."

வீட்டின் கீழ்த்தளம் பூட்டிக் கிடந்தது. நடைபாதை முடிவில் மரப்படி செங்குத்தாக மேலே போனது. ரிஸ்லா முதல் படியில் கால் வைத்ததும் மேலிருந்து குரல் விழுந்தது.

"அவன்ர மகள் கீழ நிக்கட்டும். மேல வந்தாளெண்டா ஒரு எழுத்தும் எழுத மாட்டன்."

ரிஸ்லா காலை எடுத்துக்கொண்டாள். "போங்க சேர். நான் இஞ்சயே நிக்கிறேன். வாப்பாவுக்காகச் செருப்படியும் வாங்குவேன்."

மேலே தங்கையா ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தார். அறுபத்தொன்பது வயது. ஒட்டிய கன்னம், சவரம் செய்யாத தாடை. அறையில் ஈரத்துணி நாற்றம். எங்கும் ஒரு துணிகூடக் காயப்போட்டிருக்கவில்லை. அவருக்கு இடப்பக்கம் பூட்டிய கதவு ஒன்று. சிவமணியின் முன்னறை.

"இரும், அப்புக்காத்து. உம்மட முகத்தில வடிவாத் தெரியுது, என்னை ஒரு கொலைகாரன் மாதிரித்தான் பாக்கிறீர்."

"ஐயா, கோட்டில மூண்டடி தூரத்தில முகத்தைக் கண்டதெண்டு சொன்னீங்கள்."

"சொன்னனான். நல்லாச் சொன்னனான். அவங்கட பெரிய அப்புக்காத்து ரெண்டு மணித்தியாலம் குறுக்கால கேட்டு முறிஞ்சவர். ஒரு சொல் பிசகேல்லை." அந்தக் குரலில் இன்னமும் பெருமை இருந்தது.

"உண்மையில கண்டீங்களா?"

மழை கொஞ்சம் ஓய்ந்து மறுபடி பிடித்தது.

"முதுகு," என்றார் தங்கையா. "வெள்ளைச் சேர்ட். நனைஞ்சு ஒட்டின முதுகு. அவ்வளவுதான் கண்டனான்."

"பிறகு எப்படி ஜவாத்தை அடையாளம் காட்டினீங்கள்?"

"அடையாள அணிவகுப்புக்கு முதல்நாள் ஒரு இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு வாங்கில இருத்தித் தேத்தண்ணி தந்தான். நான் குடிக்கேக்க ஜவாத்தை ரெண்டு தரம் எனக்கு முன்னால கூட்டிக்கொண்டு போனாங்கள். அடுத்த நாள் பத்துப்பேர் வரிசையில நிண்டாங்கள். ஒம்பது பேர் புதுசு. ஒருத்தன் தெரிஞ்ச முகம். தெரிஞ்சவனைக் காட்டினன்." அவர் விரலால் மேசையைச் சுரண்டினார். "நான் பொய் சொல்லேல்லை, தம்பி. அதுதான் உங்களுக்கு விளங்காது. கோட்டுக்குப் போறதுக்கிடையில அவன்ர முகம் தானா வந்து அந்த முதுகில ஒட்டிப்போட்டுது. கண்ணை மூடினா அவன் திரும்பிப் பாத்துக்கொண்டு ஓடுறது தெரியும்."

"எப்ப பிழையெண்டு தெரிஞ்சது?"

"தீர்ப்புச் சொன்ன அண்டு. வீட்டை வந்து இருந்தனான். நாலு பத்துக்கு உள்ளுக்க மிசின் சத்தம் கேட்டது."

அவர் பூட்டிய கதவைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"மழை பெய்யிற நாள் எல்லாம் வருது. கதவால வந்து, என்னைத் தாண்டி, படியால இறங்கி ஓடுது. முப்பத்தெட்டு வருஷமா முதுகை மட்டும் காட்டுது. முன்னால போய் நிண்டு பாத்தனான். அப்பவும் முதுகுதான். வத்தளையில போய் மூண்டு மாசம் இருந்தனான். அங்கயும் படி இருந்தது."

வயதானவரின் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். குழம்பியவரின் வாக்குமூலத்தைக் குழு ஏற்குமா என்றும் நினைத்தேன். என் கவலை அவ்வளவுதான்.

"எழுதித் தாறன்," என்றார். "ஆனா சும்மா இல்லை. நீர் முகத்தைப் பாத்து எனக்குச் சொல்ல வேணும். எனக்குக் காட்டாதது வேற கண்ணுக்குக் காட்டும்."

"சரி ஐயா. பாத்துச் சொல்றன்."

அவர் என்னையே பார்த்தபடி பேனையை எடுத்தார். தன் கைப்பட ஒரு பக்கம் எழுதினார். முகத்தைக் காணவில்லை, முன்கூட்டியே காட்டப்பட்ட ஆளையே அடையாளம் காட்டினேன். திகதி, கையெழுத்து. நான் தாளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தேன். நேரத்தைப் பார்த்தேன்.

நாலு எட்டு.

மின்சாரம் போனது.

இருட்டில் தங்கையாவின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவர் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் மிசின் ஓடத் தொடங்கியது. மிதிக்கும் பலகையின் கிறீச். ஊசியின் டக், டக், டக். எண்ணெய் வாசம் கதவின் கீழால் வந்தது.

"உள்ள ஆர் இருக்கினம்?" என்று கிசுகிசுத்தேன்.

"ஒருத்தரும் இல்லை. அந்த மிசினை வழக்குப் பொருளெண்டு கோட்டுக்குக் கொண்டுபோய் முப்பத்தெட்டு வருஷம்."

டக், டக், டக்.

நின்றது.

யாரோ கால்களை நிலத்தில் உதைத்தார்கள். குதிக்கால் பலகையில் அடிபடும் சத்தம். ஒன்று. இரண்டு. நீண்ட நேரம் கழித்து மூன்று.

பூட்டு திறக்கவில்லை. கதவு அசையவில்லை.

ஆனால் அது எங்கள் அறைக்குள் நின்றது.

என் முழங்கையை ஈரம் உரசிப் போனது. வெள்ளைச் சேர்ட். தோளெலும்பில் ஒட்டிய துணி. தண்ணீர் சொட்டச் சொட்டப் படியை நோக்கி ஓடியது. நான் கண்டதும் முதுகுதான்.

"முகம்!" தங்கையா கத்தினார். "முகத்தைக் கண்டீரா? சொல்லும்!"

அவர் மேசையைத் தள்ளிவிட்டு அந்த முதுகின் பின்னால் ஓடினார். படியில் தடதடவென்று சத்தம். பிறகு கனமாக எதுவோ விழுந்தது. பிறகு ரிஸ்லாவின் அலறல்.

நான் படித்தலைக்கு வந்தபோது தங்கையா கீழே கழுத்து மடங்கிக் கிடந்தார். கண்கள் திறந்தபடி. அவருக்குப் பக்கத்தில் ரிஸ்லா சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் கிழவரைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள். பிறகு மேலே நின்ற என்னைப் பார்த்தாள். மறுபடி வாசலைப் பார்த்தாள்.

என்னைக் கண்ட பிறகுதான் அவள் இரண்டாம் தடவை அலறினாள்.

பொலிஸ் நிலையத்தில் அரை மணித்தியாலம் எங்களைக் காக்க வைத்தார்கள். சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். கிழவர் விழும்போது படியில் வேறு யாரும் இருந்தார்களா? யாரும் ஓடினதைக் கண்டாயா?

ரிஸ்லா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் யோசிக்கும் நேரம் எனக்கு விளங்கவில்லை. ஒருவரும் இல்லை என்பதற்கு இவ்வளவு நேரமா?

"தெக்கே நே," என்றாள் கடைசியில். காணவில்லை.

சார்ஜன்ட் எழுதிக்கொண்டார். இருட்டு, ஈரப்படி, வயதான ஆள். முடிந்தது.

வெளியே வந்ததும் நான் அவளைத் தேற்றப் போனேன். அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"கிட்ட வராதீங்க."

"ரிஸ்லா, என்ன?"

"நான் பொய் செல்லிட்டேன்." அவள் இன்னும் ஓரடி பின்னால் போனாள். "நீங்கதான் எறங்கி ஓடின. என்னத் தொட்டுட்டு ஓடின. அதுக்குப் பொறகுதான் அவர் விழுந்த. மூண்டடி தூரம் சேர். ஒங்கட மொகம்."

"நான் மேலே மேசையடியில இருந்தனான். நீயே கண்டாய், படித்தலையில நிண்டதை."

"அதையும் கண்டேன். அதான் எனக்குப் பைத்தியம் புடிக்குது."

"இருட்டில..."

"இருட்டுண்டு செல்லாதீங்க! இருட்டில கண்டதெண்டுதான் எங்கட வாப்பாவ உள்ள போட்டாங்க. கண்ண நம்பக் கூடாதெண்டு இருவது வருஷமாக் கோட்டுக் கோட்டா நான்தான் செல்லித் திரியிறேன். இண்டைக்கு என்ட கண்ணு என்ன செய்யுது பாருங்க." அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நான் கண்டதச் சென்னா, அந்தத் தாள் ஒரு கொலைகாரன் எழுதி வாங்கின தாள். குழு கிழிச்சுப் போட்டுடும். வாப்பா அங்கயே மௌத்தாகுவார். அதுக்குத்தான் வாய மூடினேன். ஒங்களுக்காக இல்ல."

"ரிஸ்லா, அல்லாஹ் சத்தியமா நம்பு..."

"வாப்பா வெளிய வாற வரைக்கும்தான். அதுக்குப் பொறகு என்ட கண்ணுல படாதீங்க." போகத் திரும்பியவள் நின்றாள். "ஒங்கட சேர்ட்டப் பாருங்க."

நனைந்திருந்தது. முதுகு முழுக்க.

கூரை ஒழுகியிருக்கும் என்று சொன்னேன். அங்கே இருந்தபோது ஒரு சொட்டு விழுந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அன்றிரவு வெள்ளவத்தையில் என் அறையில் படுத்துக்கொண்டு அந்த முதுகை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எவருடைய முதுகும் அது இல்லை. பிறகுதான் உறைத்தது. என் முதுகை நான் ஒருநாளும் கண்டதில்லை.

குழு தாளை ஏற்றுக்கொண்டது. ஜனவரியில் விடுதலைக் கட்டளை வந்தது. அதில் என் கையெழுத்தும் தேவைப்பட்டதால் நான் போகத்தான் வேண்டியிருந்தது. சிறை வாசலில் ரிஸ்லா எனக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றாள். நல்ல வெயில். பத்து மணி.

சின்னக் கதவு திறந்தது. ஜவாத் வெளியே வந்தார். இத்தனை மாதமும் அவருடைய வேலைகள் எல்லாம் கடிதத்திலேயே நடந்தன. நாங்கள் நேரில் சந்திப்பது அதுதான் முதல் தடவை. மெலிந்த, சின்ன மனிதர். மகளைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். பிறகு அவளுடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

அழுகை நின்றது.

"மகள்," என்றார் மெதுவாக. "இவர் ஆரு?"

"லோயர், வாப்பா. ஒங்கள வெளிய எடுத்தவர்."

அவர் அவளைப் பிடித்துத் தனக்குப் பின்னால் இழுத்தார். அவ்வளவு பலம் அந்த உடம்பில் எங்கே இருந்ததோ.

"இவரத்தான் நான் அண்டைக்குக் கண்டேன். துணிக் கட்டோட ஒழுங்கைக்குள்ள வாறேன், மழை, இவர் ஓடி வந்து என்னோட மோதினார். ஒருத்தன் ஓடினானெண்டு பொலிசில செல்லிச் செல்லி அடி வாங்கினேன். ஒருத்தரும் எழுதல்ல."

"வாப்பா, சேருக்கு முப்பத்திநாலு வயசு! அந்த நேரம் அவர் பொறக்கவே இல்ல."

"எனக்குத் தெரியாது. இதே மொகம். சிரிச்சுக்கொண்டு ஓடினார்." அவர் விரலை நீட்டினார். "அந்தா, இப்ப சிரிக்கிற மாதிரியேதான்."

நான் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அங்கே என்ன இருந்தது? "ஐயா, நீங்கள் களைச்சுப்போய் இருக்கிறீங்கள்" என்று சொல்ல நினைத்து ரிஸ்லாவைப் பார்த்தேன்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். அவளுடைய உதடு வெளிறியது.

"சேர்," என்றாள். "சிரிக்காதீங்க. அல்லாவுக்காகச் சிரிக்காதீங்க."

நான் கையை உயர்த்தி என் வாயைத் தடவிப் பார்த்தேன்.

உதடுகள் சிரிப்பில்லாமல் மூடித்தான் இருந்தன.