மணிக்கட்டில் ஒரு வெள்ளைக் கோடு

ரொஷேலின் அலறல் கொட்டாஞ்சேனையின் அந்த மூன்று மாடிக் கட்டடத்தையே உலுக்கிப் போட்டது!

வேலை முடிந்து வீடு திரும்பியவள் படிக்கட்டின் அடியிலேயே நின்றுவிட்டாள்.

அங்கே மெல்ரோய் கிடந்தான். அவள் கணவன். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது... திரும்பக் கூடாத பக்கமாக.

கீழ்வீட்டு நோபேட் ஓடி வந்தான்.

"ரொஷேல், தொடாத. அம்புலன்சுக்கு அடிக்கிறன்."

அவள் தொட்டாள். இடது கையைப் பிடித்துப் பார்த்தாள். நாடி இல்லை. மணிக்கட்டில் வெயில் படாத ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது.

மணிக்கூட்டைக் காணோம்!

மெல்ரோய் குளிக்கப் போனாலும் மணிக்கூட்டோடு போகிற ஆள். பழைய மலிவு மணிக்கூடுகளைச் சேர்ப்பது அவனுக்குப் பைத்தியம். ரிக்கோ, சிட்டிசன், சீக்கோ, காமி... ஊர் வேண்டாமென்று கழற்றிப் போட்டதெல்லாம் அவன் வீட்டு பிஸ்கட் டின்களில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு நாளைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்டுவான்.

அன்றைக்கு எதைக் கட்டியிருந்தான்?

ரொஷேலுக்குத் தெரியவில்லை. 'பாரேன்' என்று அவன் கையை நீட்டும் போதெல்லாம் 'பிறகு' என்று சொல்லியே பழகிவிட்டாள்.

பொலிஸ் வந்தது. பார்த்தது. எழுதியது. படியில் கால் தவறி விழுந்த மரணம்.

"அவர்ட கையில இருந்த வொச்சைக் காணேல்ல சேர்."

"பரண ஒரலோசுவக்கட மினி மரனவத?" என்று சிங்களத்தில் கேட்டு இன்ஸ்பெக்டர் சிரித்தார். ஒரு பழைய மணிக்கூட்டுக்காக யாராவது ஆளைக் கொல்லுவார்களா என்பது அவர் கேள்வி.

அந்த மனிதருக்கு மணிக்கூட்டுப் பைத்தியங்களைத் தெரியாது.

பொரளைக் கனத்தையில் அடக்கம் நடந்தது. வெள்ளவத்தையிலிருந்து சிவபாலன் வந்து தேம்பித் தேம்பி அழுதார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். மெல்ரோயின் மணிக்கூட்டுக் கூட்டாளிகளில் மூத்தவர். எந்த மணிக்கூட்டையும் தூரத்தில் பார்த்தே பெயர் சொல்லுவார். அடுத்தவன் பிழையாகச் சொன்னால் மட்டும் அவரால் தாங்கவே முடியாது.

"நான் ஒரு கிழமையா யாழ்ப்பாணத்தில நிண்டிட்டன் பிள்ளை. செய்தி கேட்டுத்தான் பஸ் ஏறினனான். கடைசியா அவன்ர முகத்தைக் கூடப் பாக்கேல்ல."

"பரவால்ல அங்கிள். வந்தீங்கதானே," என்றாள் ரொஷேல்.

நோபேட்டும் அழுதான். அவனும் அதே பைத்தியம்தான்.

மாதங்கள் போயின.

ஒரு நாள் புறக்கோட்டை நடைபாதையில் ஒரு குரல் அவளை மறித்தது. பழைய மணிக்கூடு விற்கும் புவாத், எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். மெல்ரோய் செத்த மறுநாளே கட்டாருக்கு மகனிடம் போனவர், இப்போதுதான் திரும்பியிருந்தார்.

"மிஸ், கேள்விப்பட்டு எனக்கு ஒண்டும் ஓடல்ல. அந்தக் கடைசி நாளும் மெல்ரோய் என்கிட்டத்தானே வந்த."



"எதுக்கு வந்தார் நானா?"

"ஒரு ரிக்கோ எடுத்த. நீல டயல். கிழமை அரபில விழும். டுபாய்ல இருந்து ஆரோ கொண்டு வந்த சாமான். கையில கட்டி ஈந்த பழசைக் கழட்டி பேக்கில போட்டுட்டு, இதைக் கட்டிட்டு நேரா வீட்டுக்குத்தான் போன."

"எத்தனை மணி இருக்கும்?"

"அசர் பாங்கு சொல்லி முடிஞ்ச நேரம்."

பின்னேரம். வீட்டுக்கு வந்து படியேறும்போது... முடிந்தது!

"அது விலை கூடினதா நானா?"

"எங்க மிஸ். ஐயாயிரமும் பெறாது. ஆனா நீலம் கிடைக்கிறல்ல. இந்தக் கூட்டமே அதைத்தான் தேடுது."

ரொஷேல் நடைபாதையிலேயே நின்றாள். பஸ் ஹோர்ன்கள் அவள் காதில் விழவில்லை.

மெல்ரோய் கையில் நீல ரிக்கோ இருந்தது மூன்று பேருக்குத்தான் தெரியும். விற்ற புவாத்துக்கு. இப்போது அவளுக்கு. அடுத்தது... கொலைகாரனுக்கு!

சவப்பெட்டியைப் பிடித்து அழுதவர்களில் ஒருவன் அவன். நோபேட்டா? சிவபாலனா? எவனாக இருந்தாலும் அவன் வாயாலேயே அவனைப் பிடிக்க வேண்டும். அன்றிரவே அவள் முதல் பிஸ்கட் டின்னைத் திறந்தாள்.

சில மாதங்கள் கழித்து, வெள்ளவத்தையில் சிவபாலனின் போன் அலறியது.

"அங்கிள், நான் ரொஷேல். மெல்ரோய்ட வொச் எல்லாத்தையும் குடுக்கப் போறன். வாற ஞாயிறு உங்கட வொச் குரூப்பில லைவ் போட்டு விக்கலாமெண்டு இருக்கு."

"நல்ல காரியம் பிள்ளை. அதுகள் சும்மா கிடந்து துருப்பிடிக்கக் கூடாது."

"ஆனா எனக்கு ஒரு கோதாரியும் தெரியாதே. நீங்க பக்கத்தில இருந்து சொல்லித் தாங்கோ. நோபேட்டும் வாறார்."

"நோபேட்டுக்கு என்ன தெரியும்?" சிவபாலனின் குரல் நிமிர்ந்தது. "நான் வாறன்."

ஞாயிறு மதியம். மேசையில் டின்கள். ஒரு பக்கம் நோபேட். மறுபக்கம் மடிப்புக் கலையாத சட்டையில் சிவபாலன், கழுத்தில் தொங்கும் லென்சுடன். எதிரே போனைப் பிடித்துக்கொண்டு கட்டையான தலைமுடியுடன் ஒரு பெண்.

"என்ட கசின் டில்ஷானி," என்றாள் ரொஷேல். "அவதான் கெமரா."

லைவ் தொடங்கியது. குழுவில் பாதிப் பேர் வந்து குவிந்துவிட்டார்கள்.

ரொஷேல் முதல் மணிக்கூட்டைத் தூக்கினாள்.

"இது சீக்கோ. பெட்டரி போட்டா ஓடும்."

"பெட்டரியோ?" சிவபாலன் துடித்துப் போனார். "பிள்ளை, இது ஓட்டோமெட்டிக். கையை ஆட்டினாலே ஓடும்."

திரையில் சிரிப்புப் படங்கள் பறந்தன.

"சொரி அங்கிள். இது... டைட்டஸ்."

"காமி. எழுதியே கிடக்கே."

"இது சுவிஸ்."

"ஜப்பான் பிள்ளை, ஜப்பான்."

நோபேட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "விடுங்க அங்கிள், பாவம் அவ."

"எப்பிடி விடுறது? பிழையாச் சொன்னா வாங்கிறவன் என்ன நினைப்பான்?"

'அங்கிள் வேற லெவல்' என்று ஒருவர் எழுதினார். 'அங்கிள் இல்லாட்டி குரூப்பே இல்ல' என்றார் இன்னொருவர். டில்ஷானி அவற்றைச் சத்தமாக வாசித்தாள். சிவபாலனுக்கு உச்சி குளிர்ந்தது. ரொஷேல் ஒன்றை எடுக்க முதலே அவர் வாய் திறந்திருந்தது.

அவள் கடைசி டின்னிலிருந்து ஒரு மஞ்சள் முக மணிக்கூட்டை எடுத்தாள். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இதை மட்டும் குடுக்க மாட்டன். மெல்ரோய் சாகேக்க கையில கட்டியிருந்தது. பொலிஸ் கண்டுபிடிச்சுத் தந்தது. அவருக்குப் பிடிச்ச ரிக்கோ."

நோபேட்டின் சிரிப்பு நின்றது. "கிடைச்சிட்டுதா ரொஷேல்? என்னட்டச் சொல்லவே இல்லையே. நல்லது, நல்லது." அவன் கண் கலங்கிவிட்டது.

சிவபாலனின் கண் கலங்கவில்லை. அது அந்த மஞ்சள் முகத்தைக் குத்திக்கொண்டு நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார்... முடியவில்லை!

"இது ரிக்கோ இல்லைப் பிள்ளை. சிட்டிசன்."

"இல்ல அங்கிள். ரிக்கோதான்."

"ரிக்கோ எண்டா இப்பிடியே இருக்கும்? அண்டைக்கு அவன் கட்டியிருந்த ரிக்கோ நீல டயல். கிழமை அரபியில விழும். இது வேற, அது வேற."



திரையில் ஒரு கருத்தும் வரவில்லை.

ரொஷேல் மஞ்சள் மணிக்கூட்டை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"நீங்க அண்டைக்கு யாழ்ப்பாணத்தில எல்லோ நிண்டீங்க, அங்கிள்?"

"நான்... அவன் படம் ஏதும் போட்டிருப்பான். அதில பாத்திருப்பன்."

"எந்தப் படம்? அதைக் கட்டி வீட்டுக்குள்ள வரக்கூட இல்லையே மனுசன். அதுக்குள்ள தள்ளிட்டீங்களே."

சிவபாலன் எழுந்தார். நோபேட் அதைவிட வேகமாக எழுந்து கதவை மறித்தான்.

"நீங்க சவப்பெட்டி தூக்கினீங்க, மேன். எனக்கு முன்னால நிண்டு தூக்கினீங்க."

சிவபாலன் திரும்பவும் கதிரையில் விழுந்தார். பிறகு பேசத் தொடங்கினார், மணிக்கூடு விளங்கப்படுத்துகிற அதே குரலில்.

"கபிலம் இருக்கு என்னட்ட. பச்சை இருக்கு. வெள்ளி இருக்கு. நீலம் மட்டும் இல்ல. இருபது வருசம் தேடினனான். அண்டைக்கு அவனைப் பாக்க வந்தனான்... படியில வச்சுக் கையை நீட்டிக் காட்டுறான். என்ன வேணுமெண்டாலும் எடு எண்டன். மண்டாடினன். அவன் சிரிச்சான்."

"அவர் எல்லாருக்கும் அப்பிடித்தான் சிரிப்பார்," என்றாள் ரொஷேல். "அதுக்கா அவரைக் கொல்லோணும்?"



டில்ஷானி போனை ஒரு டின்னில் சாய்த்து வைத்தாள். லைவ் ஓடிக்கொண்டே இருந்தது. பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தாள்.

"நான் கசின் இல்ல. சப் இன்ஸ்பெக்டர். உங்கட வெள்ளவத்தை வீட்டுக்கும் ஆக்கள் வெளிக்கிட்டாச்சு. யமு, போவம் அங்கிள்."

புவாத் சொன்னதை ரொஷேல் பொலிசில் போய்ச் சொன்னபோது, சிரிக்காமல் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

சிவபாலன் பெரிதாக எதிர்க்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். வாசலை அடைந்தபோது ரொஷேல் கூப்பிட்டாள்.

"அங்கிள், ஒரு விசயம். அந்த நீல டயல்... பெயிண்ட்."

அவர் அப்படியே நின்றார்.

"என்ன?"

"வெள்ளி டயலுக்கு நீலம் அடிச்சது. புவாத் நானாவே சொன்னவர்."

"விசர்க்கதை. நான் லென்ஸ் வச்சுப் பாத்தனான். அசல்."

"ஆறுக்குக் கீழ, விளிம்பில இருக்கிற குட்டி எழுத்து? அது கூரா இருந்ததா, இல்ல கொஞ்சம் கரைஞ்ச மாதிரியா? புதுசா அடிச்ச டயல் எண்டா அங்கதானே பிடிபடும்."

சிவபாலனின் கை கழுத்து லென்சுக்குப் போனது. நெற்றியில் வேர்வை கொட்டியது. கொலையென்று பிடிபட்டபோது கூட அந்த முகம் இப்படி இருண்டு போகவில்லை!

"மிஸ்," என்று டில்ஷானியின் பக்கம் திரும்பினார். "அது என்ர அலுமாரியில, மேல் தட்டில இருக்கு. ஒருக்காப் பாக்க விடுங்கோ. ஒரே ஒருக்கா. லென்ஸ் போதும்."

"அது இனி வழக்குச் சாமான். சீல் வச்சிடுவம். ஒருத்தரும் தொட ஏலாது."

"கேள்வி கேக்காட்டியும் எல்லாத்தையும் சொல்லுறன் பிள்ளை. அந்த எழுத்தை மட்டும்..."

அவரைப் படியால் இறக்கிக்கொண்டு போனார்கள். மெல்ரோய் விழுந்த அதே படி. பாதி வழியில் கூட அவர் முணுமுணுப்பது மேலே கேட்டது... கூரா இருந்ததோ, கரைஞ்சிருந்ததோ.

திரையில் ஒருவழியாக ஒரு கருத்து வந்து விழுந்தது. 'அக்கா, அந்த ரிக்கோ சேலுக்கு வருமா?'

ரொஷேல் லைவை நிறுத்தினாள். கதிரையில் உட்கார்ந்து, மெல்ரோய்க்காக முதல் தடவையாக, யாரும் பார்க்கிறார்களா என்று கவலைப்படாமல் அழுதாள்.

நோபேட் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"கரைஞ்ச எழுத்து, பெயிண்ட் டயல்... இதெல்லாம் எங்க ரொஷேல் படிச்ச?"

"இந்த டின்னுகளோடதான் இவ்வளவு நாளும் இருந்தன். ஒவ்வொண்டையும் சரியாத் தெரிஞ்சாத்தானே ஒவ்வொண்டையும் பிழையாச் சொல்லலாம்."

"எண்டாலும் மனுசன்ட கதி... பெயிண்ட் அடிச்ச ஒரு சாமானுக்காகக் கொலை செய்திருக்கு."

ரொஷேல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெயிண்டா? அது சுத்தமான அசல், நோபேட். அவர் இருபது வருசம் உள்ள இருந்து யோசிக்கட்டும்."