அதே மேசை, அதே வெயிட்டர்

கேட்பதற்கு முன்னரே தண்ணீர் வந்திருந்தது. 'கிறிஸ்பி சேவல்' கடைகளின் சரித்திரத்தில் அப்படியொரு சம்பவம் முன்னெப்போதும் நடந்ததாகச் சிந்துஜனுக்குத் தெரியவில்லை. மழையில் நனைந்த மூக்குக்கண்ணாடியைச் சேட்டின் நுனியால் துடைத்து மறுபடி மாட்டுவதற்குள், அவன் வந்து அமர்ந்த, வெறுமையாகக் கிடந்த ஏழாம் மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை, விளிம்புவரை நிறைந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் நின்றது. சுற்றிப் பார்த்தான். பின்னேரம் மூன்றரை மணி. கடையில் அவனைத் தவிர ஒரு குருவியும் இல்லை. வெளியே மார்கழி மழை உட்துறைமுகத்தை வெள்ளைச் சீலையால் மூடியதுபோல் மறைத்துக்கொண்டு பெய்தது.

நாடு முழுக்க இருபத்துமூன்று கிளைகள் கொண்ட அந்தக் கோழிப்பொரியல் கடையைப் பற்றி, மூன்று கிழமைக்கு முன்னர் அவன் முகநூலில் ஒரு பதிவு போட்டிருந்தான். போட்டதோடு நில்லாமல் கொம்பனியின் முறைப்பாட்டுப் பக்கத்துக்கும் அனுப்பிவைத்தான். முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் ஆளைக் கடிப்பவன் என்று கம்பஸில் அவனுக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றவேண்டிய கடமை அவனுக்கு இருந்தது. தண்ணீருக்கு இருபது நிமிடம். கோழி வந்தபோது ஆறிப்போயிருந்தது. சோஸ் வரவேயில்லை. பரிமாறியவரின் சட்டையில் பேணாட் என்று பெயர்ப்பட்டி. "ரெண்டு நாளா நித்திரையில்ல தம்பி, ஒண்டும் நினைக்காதேங்கோ" என்று அந்த மனிதர் சொன்னதையும் விடாமல் எழுதி, 'அடுத்த முறை போகிறவர்கள் முதலில் இவருக்கு நாடி இருக்கிறதா என்று பிடித்துப் பார்த்துவிட்டு ஓடர் கொடுக்கவும்' என்று முடித்திருந்தான்.

நாலாயிரம் பேர் சிரித்தார்கள். கொம்பனி பேணாட்டை வேலையிலிருந்து இடைநிறுத்தியது. சும்மா இருக்க முடியாத பேணாட், மாமாவின் படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போனார். படகு திரும்பி வந்தது. பேணாட் வரவில்லை.

இதை அவனுக்குச் சொன்னது பேணாட்டின் தங்கை மரியமலர். பதிவின் கீழேயே எழுதியிருந்தாள்: "அண்ணாவைக் கடலில இன்னும் தேடுறம். அம்மா இதைப் பாத்துப் பாத்து அழுறா. தயவுசெய்து எடுத்துவிடுங்கோ." சிந்துஜன் வாசித்தான். அழிக்கத்தான் போனான். அந்த நேரம் பார்த்து இன்னும் இருநூறு பேர் சிரித்திருந்தார்கள். நாளைக்கு அழிப்போம் என்று விட்டான். அந்த 'நாளை' ஒன்பது நாளாகியும் விடியவில்லை.

முறைப்பாடு செய்தவரை மறுபடி அழைத்து, அதே மேசையில், அதே சாப்பாட்டை, அதே ஆளைக்கொண்டு பரிமாறவைப்பது கொம்பனியின் வழக்கம். இன்று காலை குறுஞ்செய்தி வந்தது. 'உங்கள் மேசை: 7. உங்கள் வெயிட்டர்: பேணாட்.' லிங்கநகரில், வாடகை அறையின் கட்டிலில் படுத்தபடி அதை வாசித்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆள் கிடைத்துவிட்டார்! தன் மேல் பழியில்லை! குடையும் எடுக்காமல் சைக்கிளில் ஓடிவந்தான்.

குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு நதீஷா வந்தாள். கடையின் மனேஜர், நாற்பது வயதிருக்கும்.

"பேணாட் அண்ணை எங்க அக்கா? எப்ப வந்தவர்?"

அவன் நீட்டிய போனை வாசித்துவிட்டு அவள் திருப்பிக் கொடுத்தாள்.

"இது கொழும்பில மெசின் அனுப்புறது தம்பி. ஆள் இருக்கிறானோ இல்லையோ, அதுக்குத் தெரியாது. அவன்ர பேரை நான் இன்னும் லிஸ்ட்டில இருந்து எடுக்கேல்ல. மனம் வரேல்ல." பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நீங்கள்தான் அந்த நாடி பிடிக்கிற வைத்தியரோ?"

சிந்துஜன் போனைப் பைக்குள் வைத்தான்.

"நானும் சிரிச்சனான், பொய் சொல்ல ஏலாது. அண்டைக்கு ரெண்டு பேர் வேலைக்கு வரேல்ல. முழுக் கடையையும் அவன் தனியப் பாத்தவன். ராவில ஆசுப்பத்திரி, தாய்க்குப் பக்கத்தில. பகலில இஞ்ச." மேசையில் இல்லாத தூசியை அவள் துணியால் துடைத்தாள். "தங்கச்சி கேட்டவளெல்லே? அழியுங்கோ."

"ஓம் அக்கா. இப்பவே."

"மழை விடுமட்டும் இருங்கோ. பிளேன்ரீ ஊத்தச் சொல்லுறன்."

"தண்ணி நீங்களோ வைச்சனீங்கள்?"

"நீங்கள் வந்ததையே நான் இப்பத்தான் பாக்கிறன்."

"குசினியில நிக்கிற சஜீத் அண்ணையாக்கும்."

"சஜீத் அடுப்பை விட்டு அசையேல்லயே" என்று வேறெதையோ யோசித்தபடி சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கதவு இரண்டு தரம் ஆடி நின்றது.

அப்போது கரண்ட் போனது.

ஏசியின் இரைச்சல் நின்றதும் அதற்கு அடியில் இதுவரை மறைந்திருந்த சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தன: கூரைத் தகரத்தில் மழை, குசினிக்குள் எண்ணெய் கொதித்து அடங்கும் முணுமுணுப்பு, றோட்டுக்கு அப்பால் கட்டிக்கிடந்த படகுகள் ஒன்றையொன்று இடிக்கும் மொத்தல், இவை எல்லாவற்றுக்கும் நடுவே, மிக நிதானமாக, தண்ணீர் நிறைந்த சப்பாத்து ஒன்று தரையில் பதிந்து எடுபடும் சத்தம். மூன்று அடி. நின்றது. பொரித்த கோழியின் மணத்தோடு இன்னொரு மணமும் கலந்தது. ஈர வலை, டீசல், கரையில் நாட்கணக்காகக் கிடந்த பாசி. அவன் குவளையை எடுத்து ஒரு மிடறு குடித்தான்.

உப்பு. கடல் உப்பு.

யன்னல் பக்கம் திரும்பித் துப்பினான். மீண்டும் மேசையைப் பார்த்தபோது அங்கே கோழி இருந்தது. ஆவி பறந்தது. பக்கத்தில், சின்னக் கிண்ணத்தில், சோஸ்.

"நதீஷா அக்கா?"

குசினியிலிருந்து பதில் இல்லை. எழும்பிப் போகலாம். கதவு பத்தடி தூரம்தான். ஆனால் வலப்பக்கத்தில், தோளுக்குச் சற்றுப் பின்னால், குளிர் ஒரு ஆளளவுக்கு நின்றது. வெயிட்டர்கள் நிற்கும் இடம் அது. ஓடர் சொல்லும்வரை, சாப்பிட்டு முடிக்கும்வரை, பொறுமையாக நிற்கிற இடம். ஒரு சொட்டுத் தண்ணீர் அவன் கழுத்தில் விழுந்தது. மழை கூரைக்கு வெளியேதான் பெய்தது.

"அண்ணை," என்றான், திரும்பாமல். "நான் பகிடிக்குத்தான் எழுதினனான்."

கழுத்தில் இன்னொரு சொட்டு.

வெளியே கூச்சல் கேட்டது. ஆட்கள் மழைக்குள் கடற்கரைப் பக்கம் ஓடினார்கள். குசினிக் கதவு படாரென்று திறந்தது. நதீஷா போனைக் காதோடு அழுத்தியபடி வெறுங்காலோடு ஓடிவந்தாள், பின்னால் சஜீத்.

"கரையில ஆளொண்டு ஒதுங்கிக் கிடக்காம்! பேணாட்டாம்! ஐயோ, மாதாவே!"

"அக்கா, நில்லுங்கோ! என்னையும்..."

அவள் ஏழாம் மேசைப் பக்கம் திரும்பவேயில்லை. கண்ணாடிக் கதவு அவர்களுக்குப் பின்னால் மூடியது. யன்னலூடாக மங்கலாகத் தெரிந்தது: கரையில் நாலைந்து பேர் குனிந்து எதையோ தூக்கினார்கள். கனமாக இருந்திருக்கவேண்டும். மணலில் வைத்துவிட்டு மறுபடி தூக்கினார்கள்.

அங்கே அவர். அப்படியானால் இங்கே?

போன். போனை எடுத்தான். பதிவு. ஐயாயிரத்து இருநூற்றுப் பதினாறு சிரிப்பு. அதற்குக் கீழே மரியமலர். அழி. அழித்தால் போய்விடுவார். அவன் அப்படித்தான் நம்பினான். கட்டைவிரலை 'அழி' என்ற சொல்லுக்கு மேலே கொண்டுபோனான்.

கொண்டுபோனவன், ஒரு கணம் நிறுத்தி, முதலில் ஸ்கிரீன்ஷொட் எடுத்தான்.

யோசித்துச் செய்யவில்லை. கை பழகிய வேலை. ஐயாயிரத்து இருநூற்றுப் பதினாறு. சும்மா விட மனமில்லை. பிறகுதான் அழித்தான். 'அழிக்கப்பட்டது' என்று வந்தது.

சொட்டு நின்றது.

மூச்சு விட்டான். கடை அமைதியாக இருந்தது. மழைகூடத் தணிந்தது.

கதிரை முன்னுக்கு நகர்ந்தது.

மெதுவாக. மரியாதையாக. வந்த விருந்தாளியை மேசையோடு சேர்த்து அமர்த்துகிற பக்குவத்தில். வயிறு மேசை விளிம்பைத் தொட்டது.

"காணும் அண்ணை, போதும்," என்றான்.

மறுபடி. விலா எலும்பில் பலகை பட்டது. மேசையைத் தள்ளினான். அது தரையோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருந்தது. காலை ஊன்றினான். தரை முழுக்கத் தண்ணீர். வழுக்கியது.

"காணும். காணும் அண்ணை."

யன்னல் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. தலைக்கு இரண்டு பக்கமும், கதிரையின் முதுகைப் பிடித்தபடி, இரண்டு கைகள். ஊறி வெளுத்தவை. நகமில்லாதவை. அவசரமே இல்லாதவை.

கதிரை இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.