ரசம் மணத்த பாட்டில்

ஸ்ரீலக்ஷ்மியின் பாட்டிலில் பத்துக் கொசுப்புழுக்களில் ஒன்பது செத்துக் கிடந்தன. ஷெமியின் பாட்டிலிலோ பத்தும் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. இத்தனைக்கும் இருவரும் செய்தது ஒரே சோதனை. அதுதான் தொல்லை.

தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஊரில், கோட்டைக்குப் பக்கத்துப் பள்ளியில் இருவரும் ஆறாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை அறிவியல் கண்காட்சி. வேப்பிலைச் சாறு கொசுப்புழுவைக் கொல்லுமா என்று சோதிப்பதாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆரியசாலையில் ஸ்ரீலக்ஷ்மியின் வீட்டுக்குப் பின்னால் ஓர் உடைந்த வாளி. அதிலிருந்து புழுக்களை எண்ணிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கு இரண்டு பாட்டில். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் இலைச்சாறு கலந்த தண்ணீர். வாயில் மெல்லிய துணி கட்டி, இரண்டு நாள் கழித்து எண்ண வேண்டும்.

புதன்கிழமை நீது டீச்சர் இருவரின் நோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"ஒருத்தி ஒன்பது செத்துப் போச்சுன்னு எழுதியிருக்கா. இன்னொருத்தி ஒண்ணுகூடச் சாகலைன்னு எழுதியிருக்கா. நான் எதை நம்புறது? நாளைக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா உங்க மேசையை ஏழாம் வகுப்புக்குக் கொடுத்துடுவேன்."

வகுப்புக்கு வெளியே வந்ததும் சண்டை தொடங்கியது.

"ஏட்டி ஷெமி, நீ இலை போட்டியா இல்லையா?"

"போட்டேன். உம்மா கேக் செய்யுற தராசுல நிறுத்து, இருபது கிராம்."

"பின்னே ஏன் சாகல்லை?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ சுடுதண்ணி ஊத்திக் கொன்னியோ என்னவோ."

ஸ்ரீலக்ஷ்மிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கண்காட்சிக்காக எழுதி வைத்திருந்த சார்ட்டை விரித்து, ஷெமியின் பெயரைப் பென்சிலால் அடித்தாள். ஷெமி அதைப் பார்த்துவிட்டாள். பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் திரும்பிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே ஸ்ரீலக்ஷ்மி யோசித்தாள். ஷெமி பொய் சொல்லுகிற ஆளே இல்லை. கணக்குப் பரீட்சையில் இரண்டு மார்க் கூடப் போட்டுவிட்டார்கள் என்று தானே போய் டீச்சரிடம் சொன்னவள் அவள். சரி, நானும் பொய் சொல்லவில்லையே. அப்படியானால் விஷயம் பாட்டிலுக்குள்தான் இருக்கிறது. சாயங்காலம் நேராகச் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஷெமியின் வீட்டுக்குப் போனாள்.

ஷெமியின் உம்மா கதவைத் திறந்தார்.

"வா மோளே. பள்ளிக்கூடத்துல இப்போ கொசு வளர்க்கவா படிப்பிக்கிறாங்க?"

ஷெமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். ஸ்ரீலக்ஷ்மி துணியைக் கொஞ்சம் விலக்கி மோந்து பார்த்தாள். பிறகு இன்னொரு தரம் மோந்து பார்த்தாள்.

"இதென்னட்டி, ரசம் மாதிரி மணக்கு?"

"வேப்பிலையோட மணம்தானே அது?"

"எங்கே பறிச்சே?"

ஷெமி ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். அங்கே காற்றில் ஆடிக்கொண்டு நின்றது ஒரு கறிவேப்பிலை மரம்.

ஸ்ரீலக்ஷ்மி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது கறிவேப்பிலை. நான் சொன்னது கசக்குற வேப்பிலை."

"அது ஆர்யவேப்பு. எங்க வீட்டுல வேப்பிலன்னா இதுதான். நீ அப்படித்தானே சொன்னே?"

மூன்று வருடமாகத் தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் இன்றுதான் ஒரு சொல்லில் தடுக்கி விழுந்திருந்தார்கள். இருவரும் சிரித்த சிரிப்பில் உம்மா ஓடிவந்தார்.

"அப்போ நீதானா மரத்தை மொட்டையடிச்சது? நேத்து சாம்பாருக்கு ஒரு இலை கிடைக்கல்லை."

உம்மா போனதும் ஷெமி பாட்டிலின் துணியை மறுபடி இழுத்துக் கட்டினாள்.

"தப்பு என்னோடதுதான். பேரை அடிச்சது அடிச்சபடியே இருக்கட்டும்."

ஸ்ரீலக்ஷ்மிக்கு வெட்கமாக இருந்தது. "உங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அடிச்சேன் பாரு, அதுதான் தப்பு. உன் சோதனையும் சரிதான். கறிவேப்பிலை அதுகளைக் கொல்லல்லை. அதுவும் நாம கண்டுபிடிச்சதுதானே? இதையும் காட்டுவோம்."

அன்று மாலையே பாட்டிலுக்குப் பத்தாகப் புதுப்புழுக்கள் பிடித்து மூன்று பாட்டில்களை ஒரே ஜன்னலில் வைத்தார்கள். வெறும் தண்ணீர், கறிவேப்பிலை, வேப்பிலை. இரண்டு இலையும் ஒரே தராசில் நிறுத்தவை. மறுநாள் கதையைக் கேட்ட நீது டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மேசை அவர்களுக்கே கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வேப்பிலைப் பாட்டிலில் எட்டுப் புழுக்கள் செத்திருந்தன. மற்ற இரண்டிலும் ஒன்றும் சாகவில்லை.

கண்காட்சிக்கு நடுவராக வந்தவர், செடிகளிலிருந்து எடுக்கும் மருந்தில் விஷம் உண்டா என்று சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர். குனிந்து வேப்பிலைப் பாட்டிலைப் பார்த்தார்.

"எந்த இலையை அரைச்சு ஊத்தினாலும் தண்ணி கலங்கிக் கெட்டுப்போகும். புழு அதனால செத்திருக்கலாமே. வேப்பிலைதான் கொன்னுதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

இதை ஸ்ரீலக்ஷ்மி யோசித்ததே இல்லை.

ஷெமி நடுவிலிருந்த கறிவேப்பிலைப் பாட்டிலை மெல்ல முன்னால் தள்ளினாள்.

"மேடம், இதுலயும் இருபது கிராம் இலை அரைச்சு ஊத்தியிருக்கு. இதே மாதிரிதான் கலங்கியிருக்கு. ஆனா பத்தும் நீந்துது, பாருங்க."

நடுவர் பார்த்தார். புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார். "கல்லூரிப் பிள்ளைங்களே இப்படி ஒரு பாட்டில் வைக்க மறந்துடுவாங்க. இதை வைக்கணும்னு யாருக்குத் தோணிச்சு?"

"தோணல்லை மேடம். எனக்கு மலையாளம் சரியாத் தெரியாததால வந்தது" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"எனக்குத் தமிழ் சரியாத் தெரியாததாலயும்" என்றாள் ஷெமி.

நடுவர் சிரித்துக்கொண்டே மார்க் தாளை எடுத்து, பெயர்களைக் கேட்டார்.

"முதல்ல ஷெமின்னு எழுதுங்க மேடம்" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "பேனாவால எழுதுங்க."